தண்ணித் தொட்டி மேலே ஒரு கம்பம்: நம் ஊர் கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்

நம் ஊர்ப் பெரியவர்களுக்கும், அண்ணன்மார், மதினிமார், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நடந்த சபையில் என் கோரிக்கை ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. தெருவிளக்குக்கும் நூறு நாள் வேலைக்கும் நடுவில் எழுந்து, "தண்ணித் தொட்டி மேலே இன்டர்நெட்டுக்கு ஒரு கம்பம் வைக்க அனுமதி வேணும்" என்றேன். உடனே ஒருவர் சிட்டுக்குருவி செத்துவிடும் என்றார். இன்னொருவர் குடிக்கிற தண்ணீர் என்னாகும் என்று கேட்டார். "ஒயர் வரத்தானே போகுது, அதுக்குள்ள என்ன அவசரம்" என்று ஒரு குரல். பின்வரிசையிலிருந்து ஒருவர், "கம்பம் வந்தா யாருக்கு லாபம்? அவளுக்குத்தானே!" என்றார். சிரிப்பு. பேச்சு அடுத்த பொருளான சாக்கடைக்குப் போய்விட்டது.

அங்கே சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல். அக்டோபர் 2 சபைக்கு முன்னால் நீங்கள் ஒருமுறை படித்துவிட்டால் போதும். அப்புறம் வேண்டாம் என்றால் வேண்டாம்.

கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். ஆமாம், எனக்கு லாபம்தான். மந்தைக்கு எதிரில் ஒன்பது வருடமாக இ-சேவை மையம் நடத்துகிறேன். நெட் நன்றாக இருந்தால் ஒரு நாளில் முப்பது பேருக்கு வேலை முடிப்பேன், இல்லாவிட்டால் பத்துப் பேருக்கு. ஆனால் மீதி இருபது பேர் யார்? சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் 60 ரூபாயைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான்.

என் கடைக்கு வருவது பழைய டெலிபோன் ஒயர். மெயின் ரோட்டு எக்ஸ்சேஞ்சிலிருந்து, ஒயர் சுற்றி வரும் வழியைக் கணக்கிட்டால் ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாது. அந்தச் செம்புக் கம்பி பேசுவதற்காகப் போட்டது. ஹெர்ட்ஸ் என்பது அலை ஒரு வினாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு. டெலிபோன் பேச்சுக்கு 3,400 ஹெர்ட்ஸ் போதும். டிஎஸ்எல் என்பது அதே கம்பியில் 22 லட்சம் ஹெர்ட்ஸ் வரை ஏற்றி டேட்டாவை அனுப்பும் வித்தை. நல்ல வித்தைதான், குறை சொல்ல மாட்டேன். 2005ஆம் ஆண்டு வாக்கில் 256 கேபிபிஎஸ் (வினாடிக்கு எத்தனை ஆயிரம் பிட் டேட்டா போகிறது என்ற வேக அளவு) வீட்டுக்கு வந்தபோது அதுவே பெரிய விஷயம். ஆனால் ஹெர்ட்ஸ் ஏற ஏற, தூரம் கூடக் கூட, அந்த அலை கம்பிக்குள்ளேயே தேய்ந்துவிடும். எக்ஸ்சேஞ்சுக்கு அடுத்த தெருவில் இருப்பவருக்கு டிஎஸ்எல்லில் வேகமான வகையான ஏடிஎஸ்எல் 2 பிளஸில் 24 எம்பிபிஎஸ் வரை கிடைக்கலாம் (ஒரு எம்பிபிஎஸ் என்றால் ஆயிரம் கேபிபிஎஸ்). நமக்கு? மோடத்தின் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன், இந்த நிமிடத்தில் இறங்குவது (டவுன்லோட்) 1,400 கேபிபிஎஸ், ஏறுவது (அப்லோட்) 320.

2023 ஜனவரியில் மத்திய அரசு பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருக்க வேண்டும் என்று மாற்றிவிட்டது. அதற்கு முன் 512 கேபிபிஎஸ்தான் அளவு. அந்தக் கணக்கில், நான் மாதாமாதம் பில் கட்டுவது பிராட்பேண்டுக்கே அல்ல. அதற்கு என்ன பேர் என்று எனக்கும் தெரியவில்லை.

என் தொழிலுக்கு இறங்குவதைவிட ஏறுவதுதான் முக்கியம். ரேஷன் அட்டை, ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், போட்டோ எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். 320 கேபிபிஎஸ்ஸில் நாலாவது ஃபைல் ஏறும்போது முதல் பக்கம் "செஷன் முடிந்தது" என்று சொல்லிவிடும். உங்கள் போனுக்கு வந்த ஓடிபி அதற்குள் காலாவதி ஆகியிருக்கும். "சர்வர் பிசி" என்று நான் சொல்வேன், நீங்களும் நம்புவீர்கள். இப்போது உண்மையைச் சொல்கிறேன், பாதி நாள் சர்வர் நன்றாகத்தான் இருந்தது.

மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். ஜாயிண்டில் தண்ணீர் இறங்கிவிடும். லைன்மேன் அண்ணன் நல்ல மனிதர், பல ஊர்களுக்கு அவர் ஒருவர்தான். போன ஐப்பசியில் மூன்று முறை வந்தார். கடைசித் தடவை பில்லர் பாக்ஸை மூடிவிட்டுச் சொன்னார்: "பேரை மாத்திப் போட்டிருக்கேன்மா. இதுக்கு மேல நல்ல பேர் இந்த கேபிள்ல இல்ல." பேர் என்றால் ஜோடிக் கம்பி. நம் ஊருக்கு வரும் கேபிளில் நல்ல ஜோடி தீர்ந்துவிட்டது. புதுக் கேபிள் யாரும் போடப்போவதும் இல்லை, ஏனென்றால் இனி செம்பில் பணம் போட எந்த நிறுவனமும் தயாரில்லை. அதில் தப்பும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் மேலத்தெருப் பிள்ளை ஒன்று இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு என் கடைக்கு வந்தது. 2018லிருந்து அதெல்லாம் ஆன்லைன்தான், யாரும் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டோம். கல்லூரி வரிசையைப் பதிவு செய்யக் கடைசி நாள். கெடு முடிய ஒரு மணி நேரம். நாற்பது கல்லூரியைப் பேப்பரில் எழுதிக்கொண்டு வந்திருந்தது. பதினேழாவது கல்லூரியில் டிஎஸ்எல் விளக்கு மினுக்க ஆரம்பித்தது. என் போனை ஹாட்ஸ்பாட்டாக வைத்துப் பார்த்தேன், கடைக்குள் ஒரு கோடு சிக்னல். வாசலில் நின்றால் இரண்டு கோடு. லேப்டாப்பை வாசல் திண்ணைக்கு மாற்றினோம். அப்புறம் அதுவும் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் அப்பா டிவிஎஸ் 50யில் அவளை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் பறந்தார். போய்ச் சேர்ந்து பதிவு செய்துவிட்டாள், நல்ல கல்லூரியும் கிடைத்தது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன்.

சரி, நான் கேட்பது என்ன?

டவுனில் கேபிள் டிவி நடத்துகிறவர் ஒருவர் உரிமம் பெற்ற இன்டர்நெட் நிறுவனத்தோடு சேர்ந்து தொழில் செய்கிறார். அவர் டவர் வரை ஃபைபர், அதாவது ஒளியில் டேட்டாவைக் கொண்டுபோகும் கண்ணாடி இழை ஒயர், வந்துவிட்டது. அங்கிருந்து நம் ஊருக்கு நேர்கோட்டில் 7 கிலோமீட்டர். அங்கே ஒரு டிஷ், நம் தண்ணித் தொட்டி மேலே ஒரு டிஷ், ஒன்றை ஒன்று பார்க்கிற மாதிரி. தொட்டிக்கு வந்த இன்டர்நெட்டை இன்னொரு ஆன்டெனா ஊருக்குள் விசிறும். வேண்டிய வீட்டு மாடியில் சோற்றுத் தட்டு அளவில் ஒரு சின்ன டிஷ், அதிலிருந்து ஒரே ஒரு ஒயர் வீட்டுக்குள். கரண்டும் டேட்டாவும் அதே ஒயரில் போய்விடும். அதற்குப் பிறகு வழக்கமான வைஃபை பெட்டி. இதைத்தான் ஃபிக்ஸட் வயர்லெஸ் என்கிறார்கள். செல்போன் மாதிரி நகர்ந்துகொண்டே இருப்பதற்கு அல்ல, ஓரிடத்தில் அசையாமல் நின்று ஓரிடத்தையே பார்ப்பதற்கு. அதனால்தான் குறைந்த செலவில் அவ்வளவு வேகம்.

இதற்குப் பயன்படுவது 5 கிகாஹெர்ட்ஸ், அதாவது சுமார் 500 கோடி ஹெர்ட்ஸ், அலைவரிசை. அதில் 605 மெகாஹெர்ட்ஸ் (ஒரு மெகாஹெர்ட்ஸ் பத்து லட்சம் ஹெர்ட்ஸ்) அகலத்தை மத்திய அரசு 2018 அக்டோபரில் உரிமம் இல்லாமலே, வெட்டவெளியிலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஏலத்தில் கோடிகளைக் கொட்டத் தேவையில்லை. அதனால்தான் ஒரு டவுன் கேபிள்காரரால் இதை யோசிக்கவாவது முடிகிறது. பெரிய நிறுவனங்களும் இப்போது ஏர்ஃபைபர் என்று வீட்டு மாடியில் பெட்டி வைக்கின்றன. ஜியோ 2023 செப்டம்பரில் சென்னை உட்பட எட்டு நகரங்களில் தொடங்கியது. ஆனால் அதற்கு 5ஜி டவர் பக்கத்தில் வேண்டும். நம் ஊரில் 5ஜி சிக்னல் கண்மாய் மடையோடு திரும்பிப் போய்விடுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

ஏன் தொட்டிதான் வேண்டும், வேறு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். இதை நான் கொஞ்சம் ஆசையாகவே விளக்குகிறேன், ஏனென்றால் எனக்கே இது புரிந்த நாளில் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன்.

இரண்டு டிஷ்ஷும் ஒன்றை ஒன்று பார்த்தால் மட்டும் போதாது. அலை நூல் மாதிரி நேராகப் போவதில்லை. இரண்டு முனையிலும் ஒல்லியாக, நடுவில் பெருத்து, பாகற்காய் மாதிரி இடத்தை எடுத்துக்கொள்ளும். 7 கிலோமீட்டருக்கு நடுவில் அந்தப் பாகற்காயின் வயிறு மையக் கோட்டிலிருந்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் சுமார் ஒன்பதரை மீட்டர். அதில் பாதிக்குமேல் மரமோ கட்டடமோ நுழைந்தால் வேகம் விழும். நம் ஊரில் மாடி வீடுகளே பத்துப் பதினைந்துதான். எந்த மாடியில் நின்றாலும் மெயின் ரோட்டுப் புளியமரம் மறைக்கிறது. தொட்டி ஒன்றுதான் அதற்கு மேலே தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

போன மாதம் தொட்டி ஆபரேட்டர் அண்ணன் குளோரின் போட மேலே ஏறும்போது என் போனைக் கொடுத்துவிட்டேன். டவுன் பக்கம் திரும்பி ஒரு போட்டோ எடுத்து வந்தார். கண்மாய், அதற்கப்பால் வயல், அதற்கப்பால் கருவேலங்காடு, தூரத்தில் குச்சி மாதிரி கேபிள்காரர் டவர். நடுவில் தொல்லை கொடுப்பது கண்மாய்க் கரையில் இருக்கும் மூன்று பனைமரம் மட்டும்தான். கவலைப்படாதீர்கள், பனையில் யாரும் கை வைக்கப்போவதில்லை. கரை நமக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அங்கே பாகற்காய் ஒல்லியாகத்தான் இருக்கும். தொட்டி மேல் ஆறு மீட்டர் குழாய்க் கம்பம் நட்டால் பனைக்கு மேலாகத் தாண்டிவிடும். கேபிள்காரர் பையன் வந்து அளந்து பார்த்துவிட்டுச் சொன்னது இது.

மழைக்குத் தாங்குமா என்று ஒரு மதினி கேட்டார், டிடிஎச் படம் மழையில் நின்றுவிடுகிறதே என்று. நல்ல கேள்வி. டிடிஎச் அலை இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஹெர்ட்ஸ் உள்ளது. அதோடு பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டரில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து தேய்ந்து தேய்ந்து வருகிறது. 5 கிகாஹெர்ட்ஸ், 7 கிலோமீட்டருக்கு மழை ஒரு பொருட்டே அல்ல. நம் ஊரில் மழைக்குச் சாகிறது இன்றைக்கு மண்ணுக்கடியில் பத்திரமாக இருப்பதாக நினைக்கும் ஒயர்தான்.

கதிர்வீச்சுக்கு வருகிறேன். பயப்படுகிறவர்களைக் கேலி செய்ய மாட்டேன், எனக்கும் இரண்டு பிள்ளைகள். இந்த ரேடியோ வெளியிடும் திறன் 1 வாட் அளவுதான். முன்பு நம் வீடுகளில் எரிந்த குண்டு பல்பு 60 வாட். செல்போன் டவர்களுக்கே இந்தியா 2012 செப்டம்பரிலிருந்து சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் ரேடியோ அலைகளை "புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்" என்ற 2பி பட்டியலில் வைத்தது உண்மை, மறைக்கவில்லை. அதே பட்டியலில் முழு இலையோடு எடுக்கும் கற்றாழைச் சாறும் இருக்கிறது. நம் ஊரில் கற்றாழைச் சாறு குடித்து வயிற்றுப் புண் ஆறியது என்று சொல்கிறவர்கள் நாலு பேராவது இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்தான் சபையில் குருவியைப் பற்றிப் பேசியதும்.

தண்ணீர் பற்றிய கவலை மட்டும் எனக்கு நியாயமாகப் படுகிறது. அலையால் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ரிப்பேருக்கு என்று கண்டவர்கள் மேலே ஏறி மூடியைத் திறந்துவிட்டுப் போனால்? அதற்கு நிபந்தனை போட வேண்டும். பின்னால் சொல்கிறேன்.

இதெல்லாம் எங்கேயோ வெளிநாட்டில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். நமக்குப் பக்கத்து மேலூரில் இருபது வருடத்துக்கு முன்பே நடந்தது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு கார்டெக்ட் என்று ஒன்றை உருவாக்கியது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்குச் செம்புக் கம்பி இழுப்பதற்குப் பதிலாக அந்தக் கடைசித் தூரத்தை ரேடியோவில் தாண்டுவது. போனும் பேசலாம், கூடவே 35 கேபிபிஎஸ் நெட்டும் வரும். 2000க்குப் பிறகு மேலூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் அதை வைத்து இன்டர்நெட் மையங்கள் திறந்தார்கள். ஹார்வர்டும் எம்ஐடியும்கூட அந்தத் திட்டத்தில் இருந்தன. அந்த மையங்களில் கண்ணை வெப்கேமராவில் படம் எடுத்து மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். என் தொழிலுக்கு அக்காமார் அவர்கள். ஆனால் பல மையங்கள் சில வருடங்களில் மூடிவிட்டன. வருமானம் போதவில்லை, பழுதானால் உடனே வந்து பார்க்க ஆளில்லை.

அடுத்தது தேனி. அரவிந்த் கண் மருத்துவமனை அங்கே சுற்றியுள்ள ஊர்களில் சின்னச் சின்ன பார்வை மையங்கள் திறந்தது. டாக்டர் தேனியில் இருப்பார், நோயாளி தன் ஊர் மையத்தில் உட்கார்ந்து வீடியோவில் பேசுவார். அதற்கு ஒயர் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வந்து, சாதாரண வைஃபை கார்டை வைத்தே பல கிலோமீட்டர் தாண்ட வைத்தார்கள். வைஃபை ஒரு செய்தி அனுப்பிவிட்டு "கிடைத்தது" என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். வீட்டுக்குள் பயன்படுத்தச் செய்த பொருள் என்பதால் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும், தூரத்திலிருந்து பதில் வருவதற்குள் தொலைந்துவிட்டது என்று நினைத்துத் திரும்ப அனுப்பும். நம் வீட்டுப் பெரியவர்கள் போனில் ஒரு வினாடி சத்தம் இல்லாவிட்டால் "அலோ அலோ" என்று கத்துவார்களே, அந்த மாதிரி. அந்தப் பழக்கத்தை மென்பொருளில் மாற்றினார்கள், லிங்க் நின்றது.

அங்கே அவர்களை அதிகம் படுத்தியது ரேடியோ அல்ல, கரண்டு. வோல்டேஜ் எகிறி எகிறிப் பெட்டிகள் செத்தன. மழை, மலை, தூரம் எல்லாவற்றையும் சமாளித்தவர்கள் நம்ம ஊர் வோல்டேஜிடம் தோற்றிருக்கிறார்கள் என்று படித்தபோது சிரிப்பு வந்தது, கூடவே ஒரு புத்தியும் வந்தது.

ஆகவே கேபிள்காரர் கேட்டதும் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உயரம் ஊருடையது, வாடகைக்குத்தான் கொடுக்க வேண்டும். வாடகை ஊராட்சிக் கணக்கில் ஏற வேண்டும். மூன்று வருடத்துக்கு மேல் எழுதிக் கொடுக்க வேண்டாம், அவருக்கு மட்டும்தான் என்றும் எழுத வேண்டாம். நாளைக்கு இன்னொருவர் வந்து நல்ல விலை சொன்னால் அதே கம்பத்தில் அவரும் வைக்கட்டும். தொட்டியில் ஆபரேட்டர் அண்ணன் கூட நிற்காமல் ஒருவரும் ஏறக்கூடாது, மூடியின் பூட்டுச் சாவி அவரிடமே இருக்க வேண்டும். பெட்டி எல்லாம் கீழே, மேலே ஆன்டெனா மட்டும். இடிதாங்கிக்கும் கம்பத்துக்கும் தனித்தனியாக எர்த் போட்டு விட்டுவிடாமல், இரண்டையும் சரியாக இணைத்திருக்கிறதா என்று வயரிங் தெரிந்தவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டெபிலைசரும் எட்டு மணி நேரம் தாங்குகிற பேட்டரியும் இல்லாமல் தொடங்கவே விடக்கூடாது. தேனிக்காரர்கள் பட்ட பாட்டை நாமும் பட வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊருக்குள் விசிறும் ஒரு ஆன்டெனாவின் வேகம் எல்லா வீட்டுக்கும் பொது. முப்பது வீடு இருந்தால் சுகமாக ஓடும். அறுபது வீட்டை அதே ஆன்டெனாவில் ஏற்றினால் ராத்திரி எட்டு மணிக்கு நம் டிஎஸ்எல்லே தேவலை என்று ஆகிவிடும். காசு ஆசையில் ஏற்றத்தான் பார்ப்பார்கள். எனவே காலை பத்து மணிக்கு வேகம் காட்டினால் ஒத்துக்கொள்ளக் கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு, ஊர் முழுக்க சீரியலும் கிரிக்கெட்டும் ஓடும்போது, என் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் அளந்து பார்க்க வேண்டும். சொன்னதில் பாதிக்குக் கீழே போனால் அந்த மாத வாடகை இரட்டிப்பு. பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் கட்டணம் இல்லாத இணைப்பு. இதையெல்லாம் சொன்னபோது கேபிள்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் எழுந்து போகவில்லை.

ஃபைபர் வந்தால் இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு: ஃபைபர்தான் உசத்தி, சண்டையே இல்லை. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கொண்டுபோவதாகத் திட்டமும் இருக்கிறது. அது ஊராட்சி அலுவலகத்தைத் தாண்டி ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வரும் நாளில் மாடி டிஷ்ஷைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடலாம். நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் காவிரித் தண்ணீர் வரும் என்று சொன்ன நாளிலிருந்து வந்த நாள் வரைக்கும் நாம் ஊருணியில் குடம் முக்காமலா இருந்தோம்?

தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும், கிராம சபைத் தீர்மானம் இருந்தால்தான் அடுத்த மேசைக்கு இந்தக் காகிதம் நகரும். புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் வழித்தட உரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பொது இடத்தில் கம்பம் வைக்க யாரிடம், எப்படி விண்ணப்பிப்பது என்பதற்கு அதில் வழி இருக்கிறது. அந்தப் படிவ வேலையை நான் இலவசமாகவே செய்து தருகிறேன். தீர்மானத்தின் வாசகத்தையும் எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுத்திருக்கிறேன். நிபந்தனைகளில் எதைச் சேர்க்க வேண்டும், எதை அடிக்க வேண்டும் என்று நீங்கள் பென்சிலால் குறித்துக் கொடுங்கள்.

தொட்டி மேலிருந்து எடுத்த போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு என் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மூன்றாவது பனைக்கு வலப்பக்கம், ஒரு விரல் தள்ளிப் பாருங்கள், டவர் தெரியும். கண் மங்கலாக இருப்பவர்கள் உள்ளே வாருங்கள், கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டுகிறேன். அதற்கு நெட் தேவையில்லை.

இப்படிக்கு,
மந்தை எதிரே இ-சேவை மையம் நடத்தும் உங்கள் வீட்டுப் பெண்